யாரும் கைதட்டாத பேச்சு

நகரசபைத் தலைவர் எந்த மேடையில் ஏறினாலும், அவருக்கு இடப்பக்கம் சற்றுத் தள்ளி ஒரு பெண் நின்றுகொண்டிருப்பார். உடுத்துவது எப்போதும் கருநீலம். பூவோ கோடோ இருந்தால் விரல்கள் தெரியாது என்பதால் வேறு எதையும் உடுத்தமாட்டார். தலைவர் வாயால் பேசுவதை அவர் கையால் பேசுவார். முன்வரிசையில் ஓரமாக உட்கார்ந்திருக்கும் காது கேளாதவர்கள் தலைவரைப் பார்ப்பதே இல்லை, இவரைத்தான் பார்ப்பார்கள். ஊரில் இவருக்குக் கைக்காரம்மா என்று பெயர் வந்து வெகுகாலமாயிற்று. முதலில் கேலியாக வைத்த பெயர்தான். வீட்டுக்காரரே அப்படிக் கூப்பிட ஆரம்பித்ததும் கேலி கழன்றுபோய்ப் பெயர் மட்டும் நின்றுவிட்டது.

வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். வாய் ஓயாதவர். "மத்தவன் எல்லாம் பொண்டாட்டிகிட்ட வாயை மூடுன்னு சொல்றான். என் வீட்ல கையை மூடுன்னாத்தான் அமைதி" என்று யார் வந்தாலும் ஒருமுறை சொல்லாமல் விடமாட்டார்.

கைக்காரம்மாவின் அப்பா, அம்மா இருவருக்குமே பிறவியிலிருந்து காது கேட்காது. அப்பா ஓர் அச்சகத்தில் வேலை பார்த்தார். மற்றவர்கள் காதில் பஞ்சு அடைத்துக்கொண்டு நிற்கிற பெரிய இயந்திரத்தின் பக்கத்தில் அவர் பாட்டுக்கு ஜம்மென்று நின்றார். அம்மா ஆயத்த ஆடைக் கடையில் சட்டைகளுக்குக் காஜா எடுத்தார். மகளுக்குக் காது நன்றாகக் கேட்டது. பேச்சை அவள் பக்கத்து வீட்டு அத்தையிடமும் வானொலியிடமும் கற்றுக்கொண்டாள். ஆனால் கனவு கையால்தான் வந்தது. பல் முளைத்து விழுவதற்கு முன்பே டாக்டரிடமும் தபால் ஆபீசிலும் வீட்டு உரிமையாளரிடமும் பெற்றோருக்காகப் பேசினாள்.

ஒருநாள் வீட்டு உரிமையாளர் வாசலில் நின்று வாய்க்கு வந்தபடி திட்டினார். சிறுமி ஒரு சொல் விடாமல் அம்மாவுக்குச் சொன்னாள். நாய் என்றதையும் சொன்னாள். அவர் போன பிறகு அம்மா மகளைப் பிடித்து உட்காரவைத்து, "திட்டினதெல்லாம் சரியாச் சொன்னே. அவர் முகத்துல பயம் இருந்துச்சே, அதை ஏன் விட்டுட்டே?" என்று கையால் கேட்டார். மாடியில் அனுமதியில்லாமல் அறை கட்டியிருந்தார் அந்த ஆள். நகரசபையில் யாராவது சொல்லிவிடுவார்களோ என்ற பயம். அம்மா சொன்னது உண்மைதான் என்று அடுத்த மாதம் நகரசபை ஆட்கள் அந்த அறையை இடிக்க வந்தபோது தெரிந்தது.

வளர்ந்ததும் கைக்காரம்மா ஒரு கம்பெனியில் தொலைபேசி ஆபரேட்டராகச் சேர்ந்தார். யார் யாரோ பேசுவதற்கு இணைப்புக் கொடுத்துக்கொண்டிருந்த காலத்தில்தான், காது கேளாதோர் சங்கத்தார் வார்டு கூட்டத்துக்குப் போய், "எங்களுக்கும் புரியற மாதிரி பேசுங்க" என்று எழுதிய அட்டையைத் தூக்கிப் பிடித்தார்கள். அப்போது தலைவர் வெறும் வார்டு உறுப்பினர். அட்டையைப் பார்த்துச் சிரிக்காமல், "யாராவது இருக்காங்களா, சொல்லுங்க, கூட்டிட்டு வாங்க" என்றார். கைக்காரம்மாவைக் கூட்டிவந்து நிறுத்தினார்கள்.

"நான் வேகமா பேசுவேன். தாங்குவீங்களாம்மா?"

"நீங்க மூச்சு விடற இடத்துல நான் பிடிச்சுக்குவேன் சார்."

அன்றைய பேச்சு முழுக்கச் சாக்கடையைப் பற்றி. சாக்கடைக்கு இத்தனை அழகான அபிநயம் உண்டா என்று ஊரே வியந்தது. அதன் பிறகு அவர் ஏறிய மேடைகளில் எல்லாம் இவரும் ஏறினார். கூட்டத்தில் காது கேளாதவர் ஒருவர்கூட இல்லாவிட்டாலும், பின்னால் யாராவது பதிவில் பார்ப்பார்கள் என்று நிற்கச் சொல்லிவிடுவார் தலைவர். அது அவருடைய நல்ல குணங்களில் ஒன்று. அரசியல்வாதிக்குரிய மற்ற குணங்களும் அவரிடம் இருந்தன.

வேலை வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குச் சுலபம் போலத் தெரியும். ஆனால் மேடைப்பேச்சில் பாதி வெறும் காற்று. காற்றைக் கையால் பிடித்துக் காட்ட முடியாது. "வளர்ச்சிப் பாதையில் வீறுநடை" என்றால் யார் நடக்கிறார்கள், எங்கே நடக்கிறார்கள் என்று தெரிந்தால்தான் விரல் நகரும். எல்லாவற்றையும்விடச் சிக்கல் கொடுத்தது ஒரு சின்னச் சொல். "நாம்" என்றால் கேட்கிறவர்களையும் சேர்த்து அணைக்கிற மாதிரி கையைப் பெரிய வட்டமாகச் சுற்றவேண்டும். "நாங்கள்" என்றால் வட்டம் நெஞ்சோடு நின்றுவிடும். தலைவர் சில இடங்களில் வாயால் "நாம்" என்பார். ஆனால் குரலும் கண்ணும் "நாங்கள்" என்று சொல்லும். கைக்காரம்மா ஒருமுறை தலைவரின் செயலாளரிடமே கேட்டுவிட்டார்.

"ரெண்டும் ஒண்ணுதானேம்மா. கூட்டத்துல யாரு இலக்கணம் பார்க்கிறா?" என்றார் செயலாளர். சலவை மடிப்புக் கலையாத ஆள், பேச்சும் அப்படியே.

கைக்காரம்மா அதற்குமேல் கேட்கவில்லை. தனக்கு எது தெரிகிறதோ அதைக் கை செய்தது. அவ்வளவுதான்.

இப்படி வருடங்கள் ஓடின. தலைவர் ஒரு தேர்தலில் தோற்றார், அடுத்ததில் ஜெயித்து நகரசபைத் தலைவரானார். பிறகு அதைவிடப் பெரிய சபைக்குப் போட்டியிடத் தயாரானார். அந்தச் சமயத்தில்தான் வெல்டருக்கு நெஞ்சு வலித்தது.

வெல்டர்தான் காது கேளாதோர் சங்கத்தை நடத்திவந்தவர். கட்டுமஸ்தான ஆள், முன்கோபி, கை பேசும்போது பக்கத்தில் டீ கிளாஸ் வைக்கக்கூடாது. ஒரு காலை பட்டறையில் வலி வந்தது. கூட வேலை செய்தவர்கள் ஆட்டோவில் கொண்டுபோய் நகரசபை ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டு, அவசர வேலை என்று திரும்பிவிட்டார்கள். பதிவு செய்யும் ஜன்னலில் வெல்டர் நெஞ்சைக் காட்டினார், தோளைக் காட்டினார். வலி தாங்காமல் தொண்டையிலிருந்து என்னமோ சத்தம் வந்தது, கால் தள்ளாடியது. ஜன்னலுக்குள் இருந்தவர், "காலங்காத்தாலயே ஏத்திட்டு வந்துட்டான் பாரு" என்று சொல்லி, வராந்தா பெஞ்சைக் காட்டினார். வெல்டர் உட்கார்ந்தார். பிறகு அவரைக் கூப்பிட்டார்கள். அவருக்குக் கேட்கவில்லை. ஆள் இல்லை போலிருக்கிறது என்று அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்கள். மத்தியானம் தரையைத் துடைக்க வந்த பெண்மணி அவர் பெஞ்சிலிருந்து சரிந்து கிடப்பதைப் பார்த்துக் கத்திய பிறகுதான் டாக்டர் ஓடிவந்தார். ஆயுசு கெட்டி, பிழைத்துக்கொண்டார்.

பிழைத்து வீட்டுக்கு வந்த வெல்டரைப் பார்க்கச் செயலாளர் பிஸ்கட் டப்பாவோடு வந்தார். நலம் விசாரித்து முடித்த கையோடு விஷயத்துக்கு வந்தார். சங்கம் இந்தத் தேர்தலில் தலைவருக்கு ஆதரவு என்று வெளிப்படையாக அறிவிக்கவேண்டும். தலைவரும் காது கேளாத குழந்தைகளுக்குத் தனிப் பள்ளிக்கூடம் கட்டித் தருவதாக மறுபடியும் மேடையில் சொல்லுவார். கைக்காரம்மா நடுவில் உட்கார்ந்து இருவருக்கும் சொன்னார். அந்த "மறுபடியும்" என்ற சொல்லைக் காட்டும்போது வெல்டரின் புருவம் ஏறியது.

ஊரில் அப்போது எல்லார் கைபேசியிலும் தலைவரின் பழைய பேச்சுகள்தான் ஓடிக்கொண்டிருந்தன. எதிர்க்கட்சிக்காரர்கள் வெட்டி ஒட்டிப் போட்டவை. மார்க்கெட் தெருவை அகலப்படுத்தவே மாட்டேன் என்று கடைக்காரர்களிடம் சொன்னது ஒரு துண்டு. அகலப்படுத்தியே தீருவேன் என்று பஸ் பயணிகளிடம் சொன்னது அடுத்த துண்டு. 'நாக்கா, திருப்பிப்போடும் தோசைக்கரண்டியா' என்று கீழே எழுதியிருந்தார்கள். தலைவரின் ஆட்களும் சும்மா இருக்கவில்லை. எதிராளியின் பேச்சுகளை வெட்டிப் போட்டார்கள். யார் சொன்னது மெய், யார் சொன்னது பொய் என்று தெரியாமல் ஊர் குழம்பிக் கிடந்தது.

செயலாளர் போனதும் வெல்டர் கைக்காரம்மாவைப் பார்த்தார்.

"நீ சொல்லு தங்கச்சி. இத்தனை வருஷம் அந்த ஆள் பக்கத்துலயே நின்னவ நீ. அவர் மனசுல நிஜமா என்ன இருக்கு?"

கைக்காரம்மாவின் விரல்கள் மடியிலேயே கிடந்தன. பிறகு மெதுவாக எழுந்தன. "அண்ணா, நான் அவர் வாய்க்குத்தான் கை. வயித்துக்குள்ள இருக்கறது எனக்கெப்படித் தெரியும்? அதுவும் இல்லாம, அதைச் சொல்றது என் தொழிலுக்கு ஆகாது. இன்னைக்கு அவரைப் பத்தி உங்ககிட்ட சொன்னா, நாளைக்கு உங்களைப் பத்தி அவர்கிட்ட சொல்லமாட்டேன்னு என்ன நிச்சயம்?"

"பொய் சொல்றே. உனக்குத் தெரியலைன்னாலும் உன் கைக்குத் தெரியும்."

அன்று அவர்கள் கோபமாகத்தான் பிரிந்தார்கள்.

வீட்டில் கைக்காரம்மா சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு நடந்ததை வீட்டுக்காரரிடம் சொன்னார். வெல்டர் வராந்தாவில் கிடந்தது அவர் மனதை விட்டுப் போகவில்லை. வெல்டருக்கு வலி வந்த அதே காலையில் தலைவர் ஒரு பூங்கா திறப்பில் பேசிக்கொண்டிருந்தார். இவர் மரங்களையும் ஊஞ்சலையும் கையால் காட்டிக்கொண்டிருந்தார். ஊரிலேயே இரண்டு மொழியும் தெரிந்த கை அந்த நேரத்தில் மேடையில் இருந்தது.

"சொல்லக்கூடாதுங்கறது சரி," என்றார் வீட்டுக்காரர், ரசம் ஊற்றிக்கொண்டே. "ஆனா அவர் பேசினது எதுவும் ரகசியம் இல்லையே. ஊர் முன்னாடி பேசினது. நீ எதுக்கு வாயைத் திறக்கணும்? கையையும்தான். அவங்களே உட்கார்ந்து பார்த்துக்கட்டுமே."

"வெட்டி ஒட்டினதைத்தான் எல்லாரும் பார்க்கிறாங்களே."

"வெட்டாததைப் பார்க்கச் சொல்லு. இணையத்துல நகரசபைப் பக்கத்துலயும் கட்சிப் பக்கத்துலயும் முழுசாக் கிடக்குது. எங்க ஆபீஸ் பையன் ஒருத்தன் தூக்கம் வரலைன்னா அதைத்தான் போட்டுப் பார்ப்பான்."

கைக்காரம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் யோசனை பிடித்துப்போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை சங்க அறையில் கூடினார்கள். சைக்கிள் கடைக்கு மேலே நீளமான அறை அது. சுவரோரம் மடக்கு நாற்காலிகள், நடுவில் யாரோ கொடுத்த பழைய பெரிய டிவி. ஜன்னலைச் சாத்தவேண்டிய அவசியம் அவர்களுக்கு இல்லை. கீழே எத்தனை ஹாரன் அடித்தாலும் யாருக்கும் தொந்தரவில்லை. வெல்டர், சட்டைக் கடையில் வேலை செய்யும் ஒரு தையல்காரம்மா, இன்னும் பத்துப் பன்னிரண்டு பேர். கைக்காரம்மா கடைசி வரிசையில் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அவர் ஒன்றும் சொல்லமாட்டார் என்று முதலிலேயே ஒப்பந்தம்.

பேச்சுகள் ஓடின. முதலில் பள்ளிக்கூடம் வந்த இடங்களைத் தேடினார்கள். தேடச் சிரமமே இல்லை. சங்க ஆண்டுவிழா, அப்புறம் தேர்தல், மறுபடி ஆண்டுவிழா, மறுபடி தேர்தல். தலைவர் உருக்கமாகப் பேசினார், கண்ணைக்கூடத் துடைத்தார். வேறு எந்தக் கூட்டத்திலும் அந்தப் பள்ளிக்கூடம் தலைகாட்டவில்லை. பட்ஜெட் கூட்டத்தில் இல்லை, ஆசிரியர்கள் மாநாட்டில்கூட இல்லை.

"நம்மளைப் பார்த்தா மட்டும் அவருக்குப் பள்ளிக்கூடம் ஞாபகம் வருது," என்றார் வெல்டர். "என்னைப் பார்த்தா என் மாமனாருக்குக் கடன் ஞாபகம் வர்ற மாதிரி." அறை குலுங்கியது.

மார்க்கெட் தெரு விவகாரத்தையும் முழுதாகப் பார்த்தார்கள். எதிர்க்கட்சிக்காரர்கள் வெட்டியதில் பெரிய புரட்டு ஒன்றும் இல்லை. மனிதர் நிஜமாகவே இரண்டு பக்கமும் பேசியிருந்தார். சிலர் எழுந்து டீக்குப் போகத் தயாரானார்கள்.

அப்போதுதான் வீட்டு உரிமையாளர்கள் சங்கக் கூட்டம் வந்தது. தலைவர் தோற்ற தேர்தலுக்கு முன்னால் நடந்த கூட்டம். குளிரூட்டிய மண்டபம், நல்ல உடை போட்ட கூட்டம். ஒருவர் எழுந்து, வெளியூரிலிருந்து கட்டட வேலைக்கு வந்தவர்களால் ஆஸ்பத்திரியில் உள்ளூர்க்காரர்களுக்கு இடமில்லை, அவர்களுக்கு வைத்தியம் பார்க்கக்கூடாது, பார்த்தாலும் நாம் எல்லாம் முடிந்த பிறகுதான் பார்க்கவேண்டும் என்றார். மண்டபம் முழுக்கக் கைதட்டியது. தலைவர் தண்ணீர் குடித்துவிட்டுப் பதில் சொன்னார். திரையில் கைக்காரம்மாவின் கை அதைச் சொன்னது:

"எந்த ஊருன்னு கேட்டுட்டுத்தான் கதவைத் திறக்கணும்னா, அந்தக் கதவை நான் கழட்டிப் போட்டுடுவேன். வலியோட வெளியில உட்கார்ந்திருக்கறது யாரோ இல்லங்க. நாம."

தையல்காரம்மா சட்டென்று எழுந்து டிவியை நிறுத்தி, அந்த இடத்தை மறுபடி ஓட்டினார். "கூட்டத்தைப் பாருங்க," என்றார். "பேசறவரைப் பார்க்காதீங்க. உட்கார்ந்திருக்கறவங்க கையைப் பாருங்க."

பார்த்தார்கள். ஒரு கைகூட அசையவில்லை. முன்வரிசையில் ஒருவர் எழுந்து போய்க்கொண்டிருந்தார். இன்னொருவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு நின்றார். காது கேட்பவர்கள் என்றால் பேச்சைக் கேட்டுக்கொண்டே அதைக் கவனிக்காமல் விட்டிருப்பார்கள். இவர்களுக்கோ கண்தானே எல்லாம்.

"கைதட்டு வாங்கறதுக்காகச் சொன்னது பள்ளிக்கூடம்," என்றார் தையல்காரம்மா. "இதுக்கு யாரும் தட்டல. ஓட்டும் போச்சு. தோத்துட்டார். அப்ப எதுக்காகச் சொன்னார்?"

வெல்டர் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. "ஒரு நாள் ஏதோ ரோஷத்துல சொல்லியிருப்பார். ஒரு பேச்சை வெச்சு மனுஷனை எடைபோட முடியுமா?"

அதனால் மேலும் தேடினார்கள். தோற்ற பிறகு, ஒலிபெருக்கிகூடச் சரியில்லாத ஒரு தெருமுனைக் கூட்டத்தில் அதையே சொல்லியிருந்தார். ஜெயித்த பிறகு, சொந்தக் கட்சிக்காரர்கள் முகம் சுளிக்க, கட்சிக் கூட்டத்தில் சொல்லியிருந்தார். டாக்டர்கள் பாராட்டு விழாவில், பாராட்ட வந்த இடத்தில் வராந்தா பெஞ்சுகளைப் பற்றிப் பேசி விருந்தையே கெடுத்திருந்தார். ஒவ்வோர் இடத்திலும் சொற்கள் வேறு வேறு. எழுதிக் கொடுத்ததைப் படித்த மாதிரி இல்லை. எங்கும் கைதட்டல் இல்லை.

கடைசி வரிசையில் இருந்த கைக்காரம்மா வேறொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடம் பற்றிய பேச்சுகளில் திரையிலிருந்த அவருடைய கை வட்டத்தை நெஞ்சோடு நிறுத்தியிருந்தது. ஆஸ்பத்திரி பற்றிய பேச்சுகளில் தோள்வரை விரிந்து எல்லாரையும் வளைத்திருந்தது. தான் அப்படிச் செய்தது அவருக்கே தெரியாது. பிறர் கையைப் பார்க்கிற மாதிரி தன் கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெல்டர் திரும்பி அவரைப் பார்த்துப் புன்னகைத்தார், ஒன்றும் கேட்கவில்லை.

அடுத்த வாரம் சங்கத்தார் தலைவரின் அலுவலகத்துக்குப் போனார்கள். செயலாளர் ஆதரவு அறிவிப்பை அழகாக எழுதி மேஜைமேல் தயாராக வைத்திருந்தார். கையெழுத்து மட்டும்தான் பாக்கி. புகைப்படக்காரர்கூட வந்திருந்தார்.

வெல்டர் அதைத் தொடவில்லை. கை பேச ஆரம்பித்தது. கைக்காரம்மா குரலாக மாறினார். பேசுகிறவர் "நான்" என்றால் மொழிபெயர்ப்பவரும் "நான்" என்றுதான் சொல்லவேண்டும். அது அந்தத் தொழிலின் சட்டம்.

"சார், இனிமே எங்க முன்னாடி பள்ளிக்கூடத்தைப் பத்திப் பேசாதீங்க. உங்களுக்கு அதுல அக்கறை இல்லை."

செயலாளர் பதறினார். "என்னம்மா சொல்றீங்க நீங்க?"

"அம்மா சொல்லலீங்க, அவர் சொல்றார்," என்றார் தலைவர். முகம் சிவந்திருந்தது. "சொல்லட்டும்."

"எங்களுக்காக மேடையில கண்ணீர் விட்டீங்க. அது எங்களுக்கு வேண்டாம். வேற ஒண்ணு வேணும். நான் போன மாசம் உங்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். எனக்கு நெஞ்சு வலி. நான் குடிக்கல. நான் குடிகாரன் இல்ல. நான் வராந்தாவுல உட்கார்ந்திருந்தேன். என்னைக் கூப்பிட்டாங்களாம். எனக்குக் கேட்கல. நான் சாகப்போறேன்னு எனக்குத் தெரியும். சொல்றதுக்குத்தான் யாரும் இல்ல."

இவ்வளவையும் கைக்காரம்மா தன் குரலில், "நான்", "நான்" என்று சொல்லவேண்டியிருந்தது. கடைசி வாக்கியத்தில் குரல் உடைந்தது. வெல்டரின் முகம் கல் மாதிரி இருந்தது, அழுதது இவர்தான்.

தலைவர் மேஜைமேல் இருந்த அறிவிப்பை மடித்து ஓரமாக வைத்தார். புகைப்படக்காரரை வெளியே போகச் சொன்னார். அப்புறம், "எந்த பெஞ்சு?" என்று கேட்டார்.

வெல்டருக்குக் கேள்வி புரியவில்லை. "என்னது?"

"வராந்தாவுல எந்த பெஞ்சு? ஜன்னலுக்கு நேரா இருக்கறதா, படிக்கட்டுக்குக் கீழயா?"

"படிக்கட்டுக்குக் கீழே."

"அங்க உட்கார்ந்தா டாக்டர் கண்ணுக்கே படமாட்டாங்க." அவர் மேஜையைப் பார்த்தபடி பேசினார். "எங்க அக்கா அந்த ஆஸ்பத்திரியில ஆயாவா இருந்துச்சு. பள்ளிக்கூடம் விட்டதும் நான் அங்கதான் போவேன். அந்த பெஞ்சுல உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதுவேன். பக்கத்துல உட்கார்ந்திருக்கறவங்க காலையிலயும் இருப்பாங்க, சாயங்காலமும் இருப்பாங்க. ஒரு தடவை ஒருத்தர் மறுநாள் இல்ல. வீட்டுக்குப் போயிட்டார்னுதான் நினைச்சேன். அக்கா ஒண்ணும் சொல்லல."

கைக்காரம்மாவின் கை அதை அப்படியே சொன்னது.

"பள்ளிக்கூடம்," என்றார் தலைவர், "எழுதிக் கொடுத்தாங்க, படிச்சேன். நல்ல விஷயம்தான். ஆனா நீங்க சொல்றது சரி. ராத்திரி என்னைத் தூங்கவிடாத விஷயம் அது இல்ல. இப்ப உங்களுக்கு என்ன வாக்கு வேணும்?"

"வாக்கு வேண்டாம். வாக்கு எங்ககிட்ட நிறைய இருக்கு. உத்தரவு வேணும்," என்றார் வெல்டர். "ஆஸ்பத்திரியில எங்க பேச்சு தெரிஞ்ச ஒருத்தர். பேரைக் கூப்பிடறதோட கண்ணுக்குத் தெரியற மாதிரி ஒரு பலகை. நர்சுங்களுக்குக் கொஞ்சம் பயிற்சி. இதைத் தேர்தலுக்கு முன்னாடி செய்யுங்க. எங்க ஓட்டு யாருக்குன்னு நாங்க அவங்கவங்க முடிவு பண்ணிக்கறோம்."

செயலாளர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். தலைவர் கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

நகரசபைக் கூட்டம் அவ்வளவு சுலபமாக இல்லை. இருக்கிற நர்சுகளே போதவில்லை, இதில் பயிற்சி வேறா என்று எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் கேட்டார். கேட்டதில் நியாயமும் இருந்தது. சொந்தக் கட்சிக்காரர்கள், தேர்தல் நேரத்தில் ரோட்டைப் போடாமல் இது எதற்கு என்று முணுமுணுத்தார்கள். பார்வையாளர் பகுதியில் சங்கத்தார் நிறைந்திருந்தார்கள். தலைவர் எழுதி வைத்திருந்ததைப் படிக்காமல் வராந்தா பெஞ்சைப் பற்றிப் பேசினார். யாரும் கைதட்டவில்லை. ஆனால் வாக்கெடுப்பில் தீர்மானம் தப்பித்துக்கொண்டது. நர்சுகள் பற்றிக் கேள்வி கேட்ட எதிர்க்கட்சி உறுப்பினரே ஆதரவாகக் கை தூக்கியதுதான் காரணம். சங்கத்தார் பார்வையாளர் பகுதியில் எழுந்து, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி விரல்களைப் படபடவென்று ஆட்டினார்கள். அவர்கள் கைதட்டுவது அப்படித்தான். உறுப்பினர்கள் திருதிருவென்று விழித்தார்கள்.

அந்த வேலைக்கு யாரைப் போடுவது என்ற கேள்வியே எழவில்லை. ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போனால் மேடையை விடவேண்டும். தலைவர் கைக்காரம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"தேர்தல் நேரம். நீங்க இல்லாம மேடை எனக்கு ஒரு பக்கம் காலியா இருக்கும்மா."

"மேடையில பேச நீங்க இருக்கீங்க சார். ஆஸ்பத்திரியில ஆள் இல்ல."

"சரிதான்." கொஞ்சம் தயங்கினார். "ஒண்ணு கேட்கலாமா? இத்தனை வருஷத்துல, நான் பொய் சொன்னப்பல்லாம் உங்களுக்குத் தெரிஞ்சுதா?"

"பொய் சொன்னா எனக்குக் கை வலிக்கும் சார்," என்றார் கைக்காரம்மா. தலைவர் வாய்விட்டுச் சிரித்தார். எந்தெந்த நாள் வலித்தது என்று கேட்கும் தைரியம் அவருக்கு இல்லை.

தேர்தலில் தலைவர் மயிரிழையில் ஜெயித்தார். வெல்டர் யாருக்குப் போட்டார் என்று மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. மார்க்கெட் தெரு இன்னும் அகலமாகவில்லை. அதில் தலைவரின் மனசு எந்தப் பக்கம் என்பது அவருக்கே தெரியாது போலிருக்கிறது. பள்ளிக்கூடத்துக்காகச் சங்கத்தார் இப்போது வேறோர் உறுப்பினரின் பேச்சுகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பிள்ளைகள் படிப்பைப் பற்றி அவர் யாரும் கேட்காமலே பேசுகிறாராம்.

ஆஸ்பத்திரியில் கைக்காரம்மாவுக்குப் பதிவு ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒரு மேஜை. ஜன்னலுக்கு மேலே எண்கள் சிவப்பில் மின்னும் பலகை. வெளிநோயாளிகள் கூட்டம் குறைந்த பிறகு, மாடியில் ஒரு காலி வார்டில் நர்சுகளுக்கு வகுப்பு. முதலில் உத்தரவுக்காக வந்து உட்கார்ந்தவர்கள் போகப்போக ஆசையாக வந்தார்கள். வார்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கத்தாமல் பேசலாம் என்பது அவர்களுக்குப் பிடித்துப்போயிற்று. தலைமை நர்சைப் பற்றி அவர் முன்னாலேயே பேசலாம் என்பது அதைவிடப் பிடித்துப்போயிற்று.

ஒருநாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு பெரியவர் வந்தார். காது கேளாதவர். கைக்காரம்மா பிரசவ வார்டில் இருந்தார். வகுப்பில் சேர்ந்து சில வாரங்களே ஆன ஒரு நர்ஸ், "நானே பார்த்துக்கறேன்" என்று துணிந்து அவர் முன்னால் உட்கார்ந்து, எங்கே வலிக்கிறது என்று கேட்பதாக நினைத்துக்கொண்டு, எப்போது கல்யாணம் என்று கேட்டுவிட்டார்.

பெரியவர் வலியை மறந்து அவரையே பார்த்தார். பிறகு பொறுமையாகக் கையைத் தூக்கி, "ஆகி நாற்பது வருஷம் ஆச்சும்மா. ஆனா இந்த வலி நேத்துலேர்ந்துதான்" என்றார்.

நர்சுக்கு அதில் பாதிதான் புரிந்தது. ஆனால் "நேத்துலேர்ந்து" புரிந்தது, "வலி" புரிந்தது, தான் ஏதோ தப்பாகக் கேட்டுவிட்டதும் புரிந்தது. சிரித்துக்கொண்டே சீட்டில் எழுதினார். சரியான கேள்வியை இம்முறை மெதுவாக, ஒவ்வொரு விரலாக யோசித்துக் கேட்டார். பெரியவர் தொப்புளுக்கு வலப்பக்கம் கையை வைத்தார். டாக்டர் அந்த இடத்தை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தபோது கைக்காரம்மா படியிறங்கி வந்தார். எல்லாம் நடந்துகொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, குறுக்கே போகாமல் சுவரோரம் நின்றுகொண்டார்.